மலையடிவாரத்து ஆலை நகரம்: குபத்தாவோவின் கதை

பிறேசில் நாட்டின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே கோப்பித் தோட்டங்களும், அமேசன் பெருங்காடும், றியோ நகரின் கடற்கரையும் எவர் மனத்திலும் முதலில் தோன்றும். அந்நாட்டுக்கு இரும்பும் எண்ணெயும் பசளையும் ஆக்கிக் கொடுத்த ஊர்களைப்பற்றி அறிந்தவர் சிலரே. அவ்வூர்களுள் ஒன்று குபத்தாவோ என்னும் சிறு நகரம். 1980ஆம் ஆண்டளவில் பல நாட்டுப் பத்திரிகைகளும் இந்நகரத்தைச் 'சாவின் பள்ளத்தாக்கு' என்று எழுதின. 1992ஆம் ஆண்டில் றியோ நகரிலே உலக நாடுகளின் சுற்றாடல் மாநாடு கூடியபோதோ, அதே நகரம் சீர்கெட்ட ஓரிடம் மீண்டெழுந்தமைக்கு முன்மாதிரியாக எடுத்துக் காட்டப்பட்டது. இவ்விரு பெயர்களும் ஒரே நகரத்துக்கு எவ்வாறு பொருந்தின என்று ஆராயுமிடத்து, ஒரு தேசம் தொழில்வளம் பெறுவதற்குக் கொடுக்கும் விலை யாது, அவ்விலையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள் என்ற வினாக்களுக்கு விடை கிடைக்கின்றது.

குபத்தாவோவின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அதன் நில அமைப்பை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிறேசிலின் மாபெரும் நகரமாகிய சாவோ பாவுலோ, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீற்றர் உயரத்தில், ஒரு மேட்டுநிலத்தின்மீது அமைந்துள்ளது. அந்நகரத்தின் துறைமுகமாகிய சாந்தோஸ் கீழே கடலோரத்தில் இருக்கின்றது. மேட்டுநிலத்துக்கும் கடலுக்கும் இடையே, மதில் எழுப்பியதுபோலச் செங்குத்தாக நிற்பது 'செறா டோ மார்' எனப்படும் மலைத்தொடர். கடல்மலை என்பது அப்பெயரின் பொருள். இம்மலையின் காலடியில், கண்டற் காடுகளும் உப்பங்கழிகளும் சிற்றாறுகளும் பின்னிக் கிடக்கும் தாழ்நிலத்தில், சாந்தோஸ் துறைமுகத்துக்கு அண்மையில் இருப்பதே குபத்தாவோ. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமதிலில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகப் பொழிகின்றது. பிறேசில் நாட்டில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. மலை, மழை, கடல் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய இந்த அமைப்பே நகரத்தின் செல்வத்துக்குக் காரணமாயிற்று. பின்னர் அதன் துன்பத்துக்கும் அதுவே காரணமாயிற்று.

16ஆம் நூற்றாண்டில் போத்துக்கேயர் இக்கரையில் குடியேறிய நாள்தொட்டு, மலையை ஏறிக் கடப்பதே அவர்களுக்குப் பெரும் பிரச்சினையாய் இருந்தது. 1554இல் யேசு சபைத் துறவிகள் மேட்டுநிலத்திலே ஒரு பள்ளியை நிறுவினர். அதனைச் சூழ வளர்ந்த குடியிருப்பே பிற்காலத்தில் சாவோ பாவுலோ மாநகரமாயிற்று. அத்துறவியருள் ஒருவர் யோசே டி அஞ்சியேத்தா. கடலோரத்துக்கும் மேட்டுநிலத்துக்கும் இடையே பொருள்கள் யாவும் இந்த மலைவழியாகவே சென்றன. ஓடங்களில் வந்த சரக்குகள் மலையடிவாரத்தில் இறக்கப்பட்டு, அங்கிருந்து மனிதர் முதுகிலும் பின்னர் கோவேறு கழுதைகளின் முதுகிலும் ஏற்றப்பட்டன. குபத்தாவோ அவ்வாறு ஓடம் நின்று கழுதை புறப்படும் இடமாகவே முதலில் உருவாயிற்று.

1792இல் ஆளுநர் பெர்ணாடோ யோசே டி லொரேனா என்பவர் இம்மலையில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு கற்பாதையை அமைப்பித்தார். வண்டிகள் செல்லக்கூடிய வீதியன்று அது; கழுதைக் கூட்டங்கள் வழுக்காது ஏறியிறங்கும் பொருட்டுக் கல் பதித்த வழியேயாகும். மேட்டுநிலத்தின் சீனி அவ்வழியே இறங்கிச் சாந்தோசை அடைந்தது. 1822ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் இளவரசர் பேத்துரோ சாந்தோசிலிருந்து இம்மலையைக் கடந்து சென்று, இப்பிறாங்கா ஆற்றின் கரையில் பிறேசிலின் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தார். எனவே, அந்நாட்டின் அரசியல் வரலாற்றிலும் குபத்தாவோவின் மலைவழிக்கு ஓரிடம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனியின் இடத்தைக் கோப்பி பிடித்தது. இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் 1869இல் தோன்றிய இலைநோயினால் அழிந்துபோகத் தொடங்கிய அதே காலத்தில், சாவோ பாவுலோ மாகாணத்தின் கோப்பி உலகச் சந்தையை நிரப்பத் தொடங்கியது. அதற்கு வழி செய்தது 1867இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை. பிரித்தானியக் கம்பெனி ஒன்று அமைத்த அப்பாதையில், மலையின் செங்குத்தான பகுதியில் வண்டிகளை உருக்கு வடங்களிற் பிணைத்து, ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்பட்ட இயந்திரங்களால் மேலே இழுத்தனர். நாட்டுக்கு அது பெருநன்மை, குபத்தாவோவுக்கோ பேரிழப்பு. கழுதைக் கூட்டங்கள் நின்றன. வழிப்போக்கர் தங்கவில்லை. புகையிரதம் ஊரைக் கடந்து போயிற்று. சில ஆலைகள் இருந்தபோதிலும், வாழைத்தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராகவே 20ஆம் நூற்றாண்டின் முதற் பாதியைக் குபத்தாவோ கழித்தது.

அக்காலத்திலே இச்சிற்றூரின் தலைவிதியை மாற்றிய முதல் நிகழ்ச்சி மின்சாரத்தின் வருகை. சாவோ பாவுலோ நகருக்கு ஒளியும் திராம் வண்டியும் வழங்கிவந்த அந்நியக் கம்பெனியின் பொறியியலாளராகிய பில்லிங்ஸ் என்னும் அமெரிக்கர், துணிவு மிக்க ஒரு திட்டத்தை வகுத்தார். மேட்டுநிலத்து ஆறுகள் கடலுக்கு அருகே பிறந்தும், கடலை நோக்கிப் பாயாமல் மறுதிசையாக உள்நாட்டை நோக்கியே ஓடுகின்றன. அந்நீரைத் தேக்கங்களில் மறித்து, மலையின் விளிம்பிலிருந்து குழாய்கள் வழியே 700 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு விழச் செய்தால் பெருமளவு மின்சக்தி பெறலாம் என்று அவர் கண்டார். 1926இல் குபத்தாவோவின் மலையடிவாரத்தில் மின்னுற்பத்தி நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் பின்யேரோஸ் என்னும் ஆறு நீரேற்று நிலையங்களினால் எதிர்த்திசையில் ஓடும்படி திருப்பப்பட்டது. இயற்கை வகுத்த வழியை விட்டு ஓர் ஆறு பின்னோக்கி ஓடிற்று. சாவோ பாவுலோவின் ஆலைகள் பெருகியமைக்கு இம்மின்சக்தி பெருங்காரணமாகும்.

அடுத்து வந்தது வீதி. 1947இல் மலையைக் குடைந்தும் பள்ளங்களைப் பாலங்களால் இணைத்தும் அமைக்கப்பட்ட பெருந்தெரு திறக்கப்பட்டது. அதற்கு அஞ்சியேத்தா அடிகளாரின் பெயரையே சூட்டினர். 1949இல் குபத்தாவோ சாந்தோஸ் நகரசபையின் ஆட்சியிலிருந்து பிரிந்து தனி நகராட்சியாயிற்று. இப்பொழுது அதனிடம் மின்சாரம் இருந்தது, நீர் இருந்தது, புகையிரதமும் பெருந்தெருவும் இருந்தன, ஒருபுறத்தில் நாட்டின் முதன்மையான துறைமுகமும் மறுபுறத்தில் நாட்டின் மிகப் பெரிய சந்தையும் இருந்தன. பாரிய தொழிற்சாலைகளை நிறுவுவோர் வேண்டுவது இவற்றைவிட வேறு யாது?

அக்காலத்துப் பிறேசில் அரசியலாளர்களின் பெருங்கனவு, பிறநாட்டு இறக்குமதிகளிலே தங்கியிருக்கும் நிலையை ஒழிப்பதாகும். கோப்பியை விற்று இயந்திரத்தையும் எண்ணெயையும் வாங்கும் நாடு என்றும் பிறர்கையை நோக்கியே நிற்கும் என்று அவர்கள் கருதினர். 1953இல் பெற்றோலியத் தொழிலை அரசின் ஏகபோகமாக்கிப் பெற்றோபிறாஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். 1955ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் குபத்தாவோவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு டிசெம்பரில் கொசிப்பா எனச் சுருங்க வழங்கிய உருக்காலை இயங்க ஆரம்பித்தது. எண்ணெயாலையைச் சார்ந்து இரசாயன ஆலைகளும், துறைமுகத்தைச் சார்ந்து பசளை ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கால் நூற்றாண்டுக்குள் வாழைத்தோட்டங்கள் இருந்த இடத்தில் இருபதுக்கு மேற்பட்ட பாரிய தொழிற்சாலைகள் நெருங்கி நின்றன.

ஆலைகள் மனிதரை அழைத்தன. 1950இல் ஏறத்தாழ 12,000 மக்கள் வாழ்ந்த ஊரில் 1980இல் 78,000 பேர் வரை வாழ்ந்தனர். வந்தவர்களிற் பெரும்பாலோர் வறட்சியும் வறுமையும் வாட்டிய வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த உழவர்கள். அவர்கள் கையிலே தொழிற்கல்வி இல்லை. கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் வேண்டிய உடல் வலிமை மாத்திரமே இருந்தது. ஆலையைக் கட்டி முடித்தவர்களுக்கு ஆலையிலே நிரந்தர வேலை கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. பொறியியலாளரும் அதிகாரிகளும் சாந்தோஸ் போன்ற கடலோர நகரங்களில் வசித்து, காலையில் வந்து மாலையில் திரும்பினர். நகராட்சியின் வரி வருமானம் பெருகியது. நகரமக்களிற் பலரோ குடிசைகளில் வாழ்ந்தனர்.

அக்குடியிருப்புகளின் பெயர்களே அவற்றின் வரலாற்றைக் கூறும். பெருந்தெருவை அமைக்க வந்த தொழிலாளர், வேலை முடிந்தபின்னும் மலைச்சரிவிலேயே தங்கிவிட்டனர். அவர்களுடைய குடியிருப்புகள் கடல் மட்டத்திலிருந்து அவை இருந்த உயரத்தைக் கொண்டே '95ஆம் மட்டம்', '200ஆம் மட்டம்', '400ஆம் மட்டம்' என்று பெயர் பெற்றன. பொறியியலாளரின் வரைபடத்தில் குறிக்கப்பட்ட இலக்கமே ஓர் ஊரின் பெயராயிற்று. விலா பரிசி என்னும் குடியிருப்பு உருக்காலைக்கும் பசளை ஆலைகளுக்கும் நடுவே, மோஜி ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்தது. விலா சொக்கோ என்பது கண்டற் சேற்றின்மீது கால்கள் நாட்டி எழுப்பிய பலகை வீடுகளின் தொகுதி. அதன் கீழே எண்ணெயாலையிலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் குழாய்கள் ஓடின.

1964இல் பிறேசிலின் ஆட்சியை இராணுவத்தினர் கைப்பற்றினர். 1968இல் குபத்தாவோ தேசிய பாதுகாப்புக்கு இன்றியமையாத பிரதேசங்களுள் ஒன்றெனச் சட்டத்தால் பிரகடனப்படுத்தப்பட்டது. எண்ணெயும் உருக்கும் உற்பத்தியாகும் இடமாதலால் இது நிகழ்ந்தது. அதன் விளைவாக நகரபிதாவைத் தெரிவு செய்யும் உரிமையை மக்கள் இழந்தனர். மேலிடத்தால் நியமிக்கப்பட்டவரே நகரத்தை ஆண்டார். 1985 வரை இந்நிலை நீடித்தது. ஆலைகள் மிகுதியாகப் பெருகிய காலமும், மக்கள் வாய்திறக்க வழியின்றி இருந்த காலமும் ஒன்றாகவே அமைந்தன. குபத்தாவோவின் துன்பத்தை விளக்குவதற்கு இஃது ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்.

அத்துன்பம் காற்றின் வழியே வந்தது. பகல் வேளையில் கடற்காற்று ஆலைகளின் புகையைப் பள்ளத்தாக்கினுள்ளே தள்ளுகின்றது. அப்பாற் செல்லவிடாது மலை மறிக்கின்றது. இரவில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று கீழிறங்கி, அதே புகையை மீண்டும் குடியிருப்புகளின்மேல் கொண்டுவந்து சேர்க்கின்றது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாயும் இருக்கும் நாட்களில், பானைக்கு மூடியிட்டதுபோல வானமே அடைபட்டுவிடும். உருக்காலையின் இரும்புத் துகள், பசளை ஆலைகளின் பொஸ்பேற்றுத் தூளும் புளோரைட்டும் அமோனியாவும், எண்ணெயாலையின் கந்தகப் புகை ஆகிய அனைத்தும் அந்த மூடிய பானைக்குள் கலந்தன. மழையைக் கொண்டுவந்து மின்சாரம் தந்த அதே மலை, நஞ்சைத் தேக்கிவைக்கும் அணையாகவும் ஆயிற்று.

விலா பரிசியில் வாழ்ந்தோரிடையே, குறிப்பாகக் குழந்தைகளிடையே, சுவாச நோய்கள் மலிந்தன. மூளை வளர்ச்சியுறாது பிறந்த சிசுக்கள் பற்றிய செய்திகள் 1980ஐ அடுத்த ஆண்டுகளில் நாட்டை உலுக்கின. அத்தகைய பிறப்புகளுக்குக் காற்றின் மாசே காரணமென்பதை ஐயமற நிறுவுதல் விஞ்ஞானிகளுக்கு எளிதாக இருக்கவில்லை. அதுபற்றிய வாதம் நீடித்தது. ஆயினும், மூச்சு விடுவதற்கே அஞ்சவேண்டிய இடமாக ஊர் மாறிவிட்டதென்பதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. மலைச்சரிவின் மரங்களே சாட்சி கூறின. ஆலைகளுக்கு எதிரே இருந்த காடு இலையுதிர்ந்து, நரைத்து, பட்டுப்போயிற்று.

மரங்கள் பட்டுப்போவதை அழகின் இழப்பென்று மாத்திரம் எண்ணுதல் தவறு. செறா டோ மார் மலையின் கற்பாறைமீது படிந்துள்ள மண் மிக மெல்லியது. செங்குத்தான சரிவில் அம்மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை மரங்களின் வேர்களேயாம். வேர் அழுகியதும் பெருமழையில் மண் சரியத் தொடங்கும். சரிவின் கீழே இருந்தவையோ அமோனியாத் தாங்கிகளும், எண்ணெய்க் குழாய்களும், அடர்ந்த குடியிருப்புகளும். ஆலையின் புகை காட்டைக் கொல்ல, காட்டின் அழிவு ஆலையையே அச்சுறுத்தும் நிலை தோன்றியது. குடியிருப்புகளின் துயரத்தைக் கேளாதிருந்த பலரும் இந்த அபாயத்தைக் கேட்டு விழித்தனர் என்று கூறுதல் மிகையாகாது.

1984ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி இரவு விலா சொக்கோவில் நிகழ்ந்த பேரிடர் நகரத்தின் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. எண்ணெயாலையிலிருந்து துறைமுக முனையத்துக்குச் செல்லும் குழாய் உடைந்து, ஏறத்தாழ 700,000 லீற்றர் பெற்றோல் வெளியேறிற்று. அது கண்டற் கழியின் நீர்மேல் மிதந்து, பலகை வீடுகளின் கீழெங்கும் பரவியது. நள்ளிரவை அண்டித் தீப்பற்றியபோது வீடுகளின் கீழிருந்த நீரே எரிந்தது. தப்பியோடுவதற்கு நிலம் இல்லை. இறந்தவர் 93 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. ஆனால் குடும்பம் குடும்பமாக மாண்டவர்களைத் தேடி முறையிட எவரும் எஞ்சியிருக்கவில்லை. தீக்குப் பின்னர் பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பிவராத பிள்ளைகளின் தொகை முதலியவற்றைக் கொண்டு கணித்தவர்கள், இறந்தோர் தொகை 500க்கும் மேற்பட்டதென்று கூறினர். இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு பெரிய உண்மையை உணர்த்துகின்றது. எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாது வாழ்ந்தவர்கள், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாமலே மறைந்தனர்.

அடுத்த ஆண்டு, 1985 ஜனவரியில், விலா பரிசிக்கு அருகே அமோனியாக் குழாய் ஒன்று உடைந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். இந்தியாவின் போபால் நகரில் நச்சுவாயு வெளியேறி இரண்டு மாதங்களுங்கூட நிறைவுறாத வேளை அது. அவ்வாண்டின் பெருமழைக் காலத்திலேயே பட்டுப்போன மலைச்சரிவுகளிற் பல இடங்களில் மண் சரிந்தது. அஞ்சியவை யாவும் ஒருங்கே நேர்ந்துவிடுமோ என்ற கலக்கம் நாடெங்கும் பரவிற்று.

ஆனால் மாற்றம் அதற்கு முன்னரே அரும்பியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் குடியிருப்பு மக்கள் ஒன்றுகூடி, மாசினாலும் தீய வாழ்க்கை நிலைகளினாலும் பாதிக்கப்பட்டோரின் சங்கம் ஒன்றை அமைத்தனர். பத்திரிகைகள் அவர்கள் கூறியதை வெளியிட்டன. இராணுவ ஆட்சி தளரத் தொடங்கியபோது, 1982இல் மாநில ஆளுநரைத் தெரிவு செய்யும் உரிமை மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது. அவ்வாறு தெரிவான பிறாங்கோ மொந்தோரோ பதவியேற்ற 1983ஆம் ஆண்டில், மாநிலத்தின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் குபத்தாவோவில் மாசகற்றும் திட்டத்தை ஆரம்பித்தது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் எளிமையிலேயே இருந்தது. 'ஆலைகள் புகைக்கின்றன' என்று பொதுவாகக் குறைகூறுவதை விடுத்து, எந்த ஆலையின் எந்தப் புகைபோக்கி, எந்தக் கழிவுவாய், எதனை எவ்வளவு வெளியேற்றுகின்றது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தனர். அவ்வாறு கண்டறியப்பட்ட மாசின் மூலங்கள் 320. ஒவ்வொன்றுக்கும் இன்ன கருவியைப் பொருத்தல் வேண்டும், இன்ன திகதிக்குள் முடித்தல் வேண்டும் என்று காலவரையறை விதித்தனர். துகளைப் பிடிக்கும் வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. நச்சுப் புகையை நீரினாற் கழுவும் கோபுரங்கள் எழுந்தன. கந்தகம் குறைந்த எரிபொருள் பயன்படுத்தப்பட்டது. காற்றை அளக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டு, மாசு எல்லை மீறிய நாட்களில் ஆலைகள் வேலையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமென ஆணையிடப்பட்டது. செலவிற் பெரும்பகுதியை ஆலைகளே ஏற்றன. உலக வங்கியின் கடனுதவியும் கிடைத்தது. பத்தாண்டுகளுக்குள் அந்த 320 மூலங்களிற் பெரும்பாலானவை கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அதற்கு வேண்டிய கருவிகள் எவையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவையல்ல. பிறநாடுகளில் முன்னரே வழக்கிலிருந்தவை. அவற்றைப் பொருத்துமாறு கட்டளையிட ஒருவர் இல்லாதிருந்ததே பழைய குறையாகும்.

காட்டை மீட்பதும் திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. மனிதர் ஏறிச் சென்று நடமுடியாத செங்குத்துச் சரிவுகளுக்கு விதைகளை எவ்வாறு கொண்டுசெல்வது? தாவர நூலோர் ஓர் உபாயம் கண்டனர். அம்மலைக்கே உரிய, மாசைத் தாங்கவல்ல மரங்களின் நுண்ணிய விதைகளை, நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பசைக் குளிகைகளுக்குள் இட்டு, 1980களின் இறுதியில் ஹெலிகொப்டர்களிலிருந்து சரிவுகளின்மேல் தூவினர். அம்மரங்களுள் ஒன்று மனக்கா. வெண்ணிறமாக மலர்ந்து, பின் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் நிறம் மாறும் பூக்களை உடையது அது. காலப்போக்கில் நரைத்துக் கிடந்த சரிவுகளிற் பசுமை மீண்டும் படர்ந்தது. கண்டற் காடுகளிலே குவாரா என்னும் செந்நிற நாரையினம் மீண்டும் கூட்டமாகக் காணப்பட்டது. நண்டு முதலியவற்றை உண்பதால் இறகெல்லாம் செந்நிறம் பெறும் பறவை அது. நண்டு வாழச் சேறு தூய்மையடைதல் வேண்டும். ஆகவே அப்பறவையின் சிவப்பு நிறத்தை நகரமக்கள் தங்கள் மீட்சியின் அடையாளமாகக் கொண்டதில் வியப்பில்லை.

எனினும், நோய் முற்றாகத் தீர்ந்துவிட்டதென்று கூறுதல் பொருந்தாது. ஆலைகளுக்கு அண்மையில் காற்றிலுள்ள துகளின் அளவு, திட்டம் நிறைவேறிய பின்னரும் பலமுறை எல்லையைத் தாண்டியது. ஆற்றுப் படுகைகளிற் படிந்த நஞ்சை அகற்றுதல் காற்றைச் சுத்தம் செய்வதைப்போல் எளிதன்று. மேட்டுநிலத்து ஆற்றைப் பின்னோக்கித் திருப்பியபோது, மாநகரத்தின் கழிவுநீரும் அதனோடு தேக்கத்தை அடைந்தது. அதனால் 1992 முதல், வெள்ள அபாயம் போன்ற சந்தர்ப்பங்களைத் தவிர, அந்நீரேற்றம் நிறுத்தப்பட்டது, மின்னுற்பத்தியும் குறைந்தது. 2017 ஜனவரியில் ஒரு பசளை ஆலையில் தீ மூண்டு, செம்மஞ்சள் நிறப் புகை பள்ளத்தாக்கை மூடியபோது, பழைய அச்சம் மக்கள் மனத்திலிருந்து அகலவில்லை என்பது புலனாயிற்று.

மக்களின் குடியிருப்புப் பிரச்சினையும் மெல்லவே தீர்ந்தது. விலா பரிசி மக்கள் சிறிது சிறிதாக வேறிடங்களுக்கு மாற்றப்பட்டு, அக்குடியிருப்பு இல்லாதொழிந்தது. 2007ஐ அடுத்த ஆண்டுகளில், மலைச்சரிவின் 'மட்டங்களில்' வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை மண்சரிவு அபாயத்திலிருந்து அகற்றிப் புதிய வீடுகளிற் குடியேற்றும் திட்டத்தை மாநில அரசு மேற்கொண்டது. பாதுகாப்பான வீட்டை விரும்பிச் சென்றோர் பலர். இரண்டு தலைமுறையாக வாழ்ந்த இடத்தைவிட்டு நீங்க மனமின்றிச் சென்றோரும் பலர்.

இதற்கிடையே நகரத்தை வேறொரு கவலை பற்றியது. 1993இல் உருக்காலை தனியாருக்கு விற்கப்பட்டது. 2015இன் இறுதியில், உலகச் சந்தையில் உருக்கின் விலை வீழ்ந்ததைக் காரணங்காட்டி, இரும்பை உருக்கும் ஊதுலைகளை நிறுத்த உரிமையாளர் முடிவு செய்தனர். 2016இன் தொடக்கத்தில் உலைகள் அணைந்தன. பிற இடங்களிலிருந்து வாங்கிய உருக்குப் பாளங்களைத் தகடாக்கும் வேலை மாத்திரமே அங்கு எஞ்சிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். புகை குறைவது நன்மையென்று எண்ணிய அதே குடும்பங்கள், புகை நின்றதனால் அடுப்பு எரியாத நிலையை எதிர்நோக்கின. 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 112,000. அதற்கு முந்திய 2010ஆம் ஆண்டுக் கணக்கிலும் பார்க்க இது குறைவாகும்.

இந்நகரத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதனை வெறும் ஆலைக் கூட்டமாகக் கருதலாகாது. தொழிலாளர் உரிமைக்காக எழுதிய அபொன்சோ சிமித் என்னும் எழுத்தாளர் 1890இல் இங்கே பிறந்தவர். வாழைத்தோட்டக் குபத்தாவோவையும், ஆலைகள் எழத் தொடங்கிய குபத்தாவோவையும் கண்டு 1964இல் மறைந்தார். வடகிழக்கிலிருந்து வந்த மக்கள் தங்கள் உணவையும் இசையையும் திருவிழாக்களையும் உடன்கொண்டு வந்தனர். அன்று கழுதைகள் ஏறிய கற்பாதையின் சில பகுதிகள் காட்டின் நடுவே இன்றும் காணப்படுகின்றன. கற்பாதை, புகையிரதப் பாதை, மின்நிலையக் குழாய்கள், பெருந்தெரு ஆகிய நான்கும் ஒரே மலையில் அருகருகே கிடப்பதைக் காணும்பொழுது, நெடுங்கால வரலாற்றை ஒரே பார்வையில் வாசித்துவிடலாம்.

அவ்வரலாறு ஓர் உண்மையை வற்புறுத்துகின்றது. குபத்தாவோவில் ஆலைகள் அமைந்தது தவறன்று. உருக்கும் எண்ணெயும் பசளையும் பிறேசிலுக்கு வேண்டியிருந்தன. அவற்றின் பயனைப் பெற்றவர்கள் மேட்டுநிலத்திலும் கடலோரத்திலும் வாழ, அவற்றின் கேட்டை மாத்திரம் பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர் ஏற்க நேர்ந்ததே தவறு. அக்கேட்டை அளந்து பார்க்கவும், அளந்ததை வெளியிடவும், வெளியானதைக் கேட்டு வாக்களிக்கவும் மக்களுக்கு உரிமை கிட்டியபின்னரே வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. மலையும் காற்றும் இன்றும் பழைய இடத்தில் பழைய இயல்போடே இருக்கின்றன. பகலிற் கடற்காற்று இப்போதும் பள்ளத்தாக்கினுள் புகுகின்றது. அது சுமந்து வருவது யாது என்பதை நாள்தோறும் கருவிகள் அளந்து குறித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அளவையை நிறுத்தாதிருப்பதே குபத்தாவோ மக்கள் பெருவிலை கொடுத்துப் பெற்ற காவலாகும்.